காட்டுக்குப் போக வேண்டாம்... ஜோலார்பேட்டை ஏரிக்கரையே போதும்! வீட்டருகே பறவைப் படம் எடுப்பது எப்படி?

சென்னையில் இருந்து பெங்களூருவுக்கோ, சேலம் வழியாகக் கோவைக்கோ ரயிலில் போனவர்களுக்கு ஜோலார்பேட்டை நல்லாவே தெரியும். பாதை இரண்டாகப் பிரியும் சந்திப்பு. ஆனால் கேமராவோடு இங்கே இறங்குபவர்கள் பெரும்பாலும் ஊரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நேராக ஏலகிரிக்குப் பஸ் பிடித்து, 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்விடுவார்கள்.

அவர்கள் தாண்டிப் போகும் வயல்வெளி மின்கம்பியிலேயே ஒரு பனங்காடை உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம். சிறகை விரித்தால் பளீரென்று நீலம். அந்த நீலத்தைப் படம் பிடிக்க ஏலகிரி ஏறத் தேவையில்லை. என்ன, அதே கம்பிக்குக் கீழே பத்து நாள் போய் நிற்க வேண்டும்!

வீட்டருகே பறவைப் படம் எடுக்க என்ன வேண்டும்? எந்தக் கேமரா? எதைச் செய்யலாம், எதைச் செய்தால் சட்டப்படி குற்றம்? முழு விவரம் இதோ.

ஏன் வீட்டருகே?

சரணாலயத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை போவீர்கள். அன்றைக்கு மேகம் போட்டிருந்தால் அவ்வளவுதான், வெறுங்கையோடு திரும்ப வேண்டும். வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கு வாரத்துக்கு மூன்று நாள் போகலாம். இன்று கிடைக்காதது நாளை கிடைக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ தொழிற்சாலைக்கோ தோல் ஷாப்புக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வாரம் லீவு போட்டு முதுமலை போவது லேசான காரியம் இல்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பும் முன் காலையில் அரை மணி நேரம் ஒதுக்குவது முடிகிற காரியம்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. பறவைகளும் நம்மைக் கவனிக்கின்றன. புது ஆள் வந்தால் எழுந்து பறக்கும். அதே ஆள், அதே நேரத்தில், அதே இடத்தில் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனால், நாளாக ஆக அதன் பயம் குறையும். முதல் நாள் 40 அடியில் பறந்த மீன்கொத்தி, மூன்றாவது வாரம் 20 அடியில் மீன் பிடித்துக்கொண்டிருக்கலாம். இந்த 20 அடி நெருக்கத்தை எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் வாங்க முடியாது.

இப்படி வாழ்ந்து காட்டியவர்: மா. கிருஷ்ணன்

வீட்டைச் சுற்றி இருக்கும் உயிர்களைக் கவனிப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்த ஒருவர் தமிழ்நாட்டிலேயே இருந்தார். பெயர் மா. கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ. மாதவையாவின் மகன். சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தவர்.

'தி ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் 1950-ல் தொடங்கி 1996-ல் அவர் இறக்கும் வரை, 46 ஆண்டுகள் இயற்கை பற்றித் தொடர்ந்து பத்தி எழுதினார். யானை, காட்டெருது பற்றி எவ்வளவு அக்கறையோடு எழுதினாரோ, அதே அக்கறையோடு காக்கை, அணில், பல்லி, தெரு நாய் பற்றியும் எழுதினார். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் புத்தகமாக வந்திருக்கின்றன.

படங்கள் எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளையில். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கிக்கொண்ட கனமான கேமராதான் அவருடைய ஆயுதம். இன்றைக்கு இருப்பது போல நொடிக்கு 20 படம் எடுக்கும் வசதி எல்லாம் கிடையாது. பிலிம் ரோலில் சில படங்கள்தான் எடுக்க முடியும். அதனால் எப்போது அழுத்த வேண்டும் என்பதைக் கவனித்துக் கவனித்தே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மெமரி கார்டில் ஆயிரம் படம் அடங்கும் இந்தக் காலத்திலும் அவரிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டும். படம் அப்புறம்.

ஜோலார்பேட்டை பக்கம் என்னென்ன பார்க்கலாம்?

தமிழ்நாட்டுச் சமவெளியில் பரவலாகக் காணப்படும் பறவைகளை, இடம் வாரியாகப் பிரித்துக்கொண்டால் தேடுவது சுலபம்.

*வீடு, மொட்டை மாடி, கொல்லை:* மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, தையல்சிட்டு, தேன்சிட்டு, செம்போத்து, குயில். முருங்கை பூத்தால் தேன்சிட்டு நிச்சயம். ஆலமரம், அரசமரம் பழுத்தால் குக்குறுவான் வரும். பழைய புளியமரப் பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி இருக்க வாய்ப்பு உண்டு. பறவை மட்டும் இல்லை, அணில், ஓணான், கீரி எல்லாமே நல்ல மாடல்தான்.

*வயல், மின்கம்பி:* இரட்டைவால் குருவி என்கிற கரிச்சான், பனங்காடை, பச்சைப் பஞ்சுருட்டான், கொண்டலாத்தி, வெண்மார்பு மீன்கொத்தி. நெல் வயல், கிணற்றோரப் பனை, ஈச்ச மரம் இருந்தால் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும்.

*ஏரி:* முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, நீர்க்காகம், மடையான், கொக்கு வகைகள், புள்ளிமூக்கு வாத்து. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும்போது நீந்தும் பறவைகள் அதிகம். தண்ணீர் வற்றிச் சேறு தெரிய ஆரம்பிக்கும்போது நெடுங்கால் உள்ளான், நத்தைகுத்தி நாரை போன்ற நடக்கும் பறவைகள் வரும். அதாவது, ஏரி வற்றும் மாதங்களிலும் கேமராவுக்கு வேலை இருக்கு.

*மலையடிவாரப் பாறை, புதர்:* கருஞ்சிட்டு, மயில், கதிர்க்குருவி, பாறை ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாறை ஓணான் சிவப்பும் கறுப்புமாக நிறம் மாறி வெயிலில் நிற்கும். செல்போனிலேயே நல்ல படம் கிடைக்கும் உயிர் இது.

அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியூர் விருந்தாளிகளும் வருவார்கள். அதில் ஒருவர் ஆறுமணிக்குருவி. காலை, மாலை ஆறு மணி வாக்கில் கத்துவதால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியப் பகுதிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். வரும் வழியில் களைத்துப்போய் வீட்டுக் கொல்லையிலோ மாடிப்படியிலோ இறங்கிவிடுவது உண்டு. பச்சை, நீலம், சிவப்பு என்று பல நிறத்தில் ஒரு குண்டுக் குருவி உங்கள் வீட்டில் வந்து நின்றால், தூரத்தில் இருந்து ஒன்றிரண்டு படம் எடுத்துவிட்டு அதை ஓய்வெடுக்க விடுங்கள். நாய், பூனை பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொண்டாலே பெரிய உதவி.

பொறுமை என்றால் சும்மா உட்காருவதா?

இல்லை. அதற்கும் ஒரு முறை இருக்கு.

1. ஒரே ஒரு இடம் தேர்ந்தெடுங்கள். வீட்டில் இருந்து நடந்தோ சைக்கிளிலோ 15 நிமிடத்தில் போகக்கூடிய இடமாக இருக்கட்டும். தூரமாக இருந்தால் இரண்டாவது வாரமே விட்டுவிடுவோம்.

2. முதல் மூன்று நாள் கேமராவை எடுக்காதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். எந்தப் பறவை, எத்தனை மணிக்கு, எந்தக் கிளையில், எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. திரும்பி வரும் கிளையைக் கண்டுபிடியுங்கள். பஞ்சுருட்டானும் கரிச்சானும் பூச்சியைப் பிடிக்கப் பாய்ந்துவிட்டு, பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். மீன்கொத்திக்கும் பிடித்தமான கொம்பு உண்டு. பறவையைத் துரத்துவதை விட்டுவிட்டு அந்தக் கொம்பைப் பார்த்துக் காத்திருந்தால், பூச்சியோடு அதுவே வந்து உட்காரும்.

4. பறவை வரும் முன் போய்விடுங்கள். பறவை உட்கார்ந்த பிறகு அதை நோக்கி நடந்தால் அது வேட்டையாடும் விலங்கின் நடை. நாம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அது வந்தால் நாம் ஒரு மரக்கட்டை மாதிரி.

5. உட்காருங்கள். நின்றால் உருவம் பெரிதாகத் தெரியும். ஏரிக்கரையில் தரையோடு தரையாக உட்கார்ந்தால் பறவையின் கண்மட்டத்துக்குக் கேமரா வரும். படத்தின் அழகும் கூடும். உட்காரும் முன் ஒரு குச்சியால் புல்லைத் தட்டிப் பாருங்கள். பாம்பு இருந்தால் விலகிப் போகும்.

6. நிறம் பாருங்கள். காக்கி, பச்சை, மண் நிறச் சட்டை நல்லது. பளிச் வெள்ளை, சிவப்பு வேண்டாம். இரு சக்கர வாகனத்தை முன்கூட்டியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். கார் இருந்தால் அதற்குள்ளேயே உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி எடுக்கலாம். காரைக் கண்டு பறவைகள் அவ்வளவாக மிரளாது.

இன்னொரு உள்ளூர்க் கணக்கும் இருக்கு. ஜோலார்பேட்டைக்குக் கிழக்கே ஏலகிரி மலை. அதனால் ஊரின் சில பகுதிகளில் காலைச் சூரியன் மலையைத் தாண்டி வரக் கொஞ்சம் நேரமாகும். அந்த இடைப்பட்ட நேரத்தில் நிழல் விழாத மென்மையான வெளிச்சம் கிடைக்கும். வெயில் வந்த பிறகு, மலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி, அதாவது ஏரியின் கிழக்குக் கரையில் மேற்குப் பார்த்து உட்கார்ந்தால், வெளிச்சம் நேராகப் பறவை மேல் விழும். மாலையில் மேற்குக் கரை.

கோடையில் ஒன்பது மணிக்கு மேல் தூரத்துப் பறவையை எடுக்க முயற்சி செய்ய வேண்டாம். தரையில் இருந்து எழும் சூட்டில் காற்று அலை அலையாக ஆடும். எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் படம் கலங்கித்தான் வரும். நிறைய பேர் "லென்ஸில்தான் கோளாறு" என்று கடைக்கு ஓடுவது இதனால்தான்.

கேமரா இல்லையா? பரவாயில்ல, போன் போதும்

செல்போனில் பறவை எடுக்கும்போது நடக்கும் முதல் தப்பு, விரலால் பெரிதாக்கி எடுப்பது. பெரும்பாலான போன்களில் ஓர் அளவுக்கு மேல் அது நிஜமான ஜூம் இல்லை. எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதனால் பறவையிடம் நாம் போவதைவிட, பறவை நம்மிடம் வரும்படி செய்ய வேண்டும்.

மொட்டை மாடியில் ஒரு அகலமான மண் தட்டு வையுங்கள். தண்ணீர் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல் போடுங்கள். தட்டுக்கு இரண்டு அடி தள்ளி ஒரு காய்ந்த கொம்பை நட்டு வையுங்கள். பறவைகள் நேராகத் தண்ணீரில் இறங்காது, முதலில் கொம்பில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்க்கும். நமக்கு வேண்டிய படம் அங்கேதான்.

தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையென்றால் கொசு உற்பத்தியாகும், பறவைகளுக்கு நோயும் பரவும். பூனை பதுங்க வசதியான இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

போனைச் சின்ன டிரைபாடில் கொம்பைப் பார்த்து நிறுத்திவிட்டு, நீங்கள் கதவுக்குப் பின்னால் போய்விடுங்கள். புளூடூத் ரிமோட்டோ, பல போன்களில் ஒயர் இயர்போனின் வால்யூம் பட்டனோ ஷட்டர் மாதிரி வேலை செய்யும். அதுவும் இல்லையென்றால் வீடியோ ஓடவிட்டு, பிறகு நல்ல காட்சியைப் படமாக எடுத்துக்கொள்ளலாம்.

பைனாகுலர் இருந்தால், அதன் கண் வைக்கும் பகுதியில் போன் கேமராவை ஒட்டிப் பிடித்தும் எடுக்கலாம். பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். படம் சுமார்தான். ஆனால் இது என்ன பறவை என்று அடையாளம் காண அது தாராளமாகப் போதும்.

கேமரா இருப்பவர்களுக்கு நாலு செட்டிங்

* லென்ஸ்: தொடக்கத்துக்கு 70-300 மில்லிமீட்டர் லென்ஸே போதும். வீட்டருகே பழகிய பறவைகளுக்கு இது நல்லாவே வேலை செய்யும். ஏரி நடுவில் இருக்கும் வாத்துக்கு 400, 600 தேவைப்படலாம்.

* ஷட்டர் வேகம்: லென்ஸின் நீளத்தைவிடக் குறையக் கூடாது. 400 மில்லிமீட்டர் என்றால் குறைந்தது 1/500 நொடி. பறக்கும் பறவைக்கு 1/1600. பஞ்சுருட்டான் மாதிரி சுறுசுறுப்பான பறவைக்கு 1/2000-க்கும் மேல்.

* ஐஎஸ்ஓ: ஆட்டோவில் விடலாம். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். அதைக் குறைக்க வழி உண்டு. பறவை அசைந்து கலங்கிப்போன படத்தைச் சரிசெய்ய முடியாது.

* வெளிச்ச அளவு: வானத்தைப் பின்னணியாகக் கொண்ட கரிச்சான் வெறும் கறுப்பு நிழலாக வந்துவிடும். அதற்கு ஒரு படி கூட்டுங்கள். இருண்ட தண்ணீருக்கு முன் நிற்கும் வெள்ளைக் கொக்கு வெளுத்துப்போய் இறகே தெரியாது. அதற்கு ஒரு படி குறையுங்கள்.

எல்லாப் படத்துக்கும் பொதுவான விதி: கண் தெளிவாக இருக்க வேண்டும். வால் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை.

கூட்டைப் படம் எடுத்தால் 'வேட்டை'யா?

இந்தக் கட்டுரையில் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, 'வேட்டை' என்றால் என்ன என்பதற்குத் தரும் விளக்கத்தில், துப்பாக்கி, வலை மட்டும் இல்லை. காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. அதாவது, நல்ல படம் வேண்டும் என்று கூட்டை மறைக்கும் இலையை விலக்குவது, கிளையை ஒடிப்பது, முட்டையை நகர்த்தி வைப்பது எல்லாம் சட்டத்தின் கண்ணில் வேட்டைக்குச் சமமாகலாம்.

சட்டத்தை விடுங்கள். அந்தப் பறவைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

நம்மூர் ஏரிக்கரை, பொட்டல் வெளியில் ஆள்காட்டிக் குருவி இருக்கும். ஆள் வந்தால் கத்திக் காட்டிக் கொடுப்பதால்தான் அந்தப் பெயர். இது மரத்தில் கூடு கட்டாது. கோடையில், வெறும் தரையில், கற்களுக்கு நடுவே கல் போலவே இருக்கும் முட்டைகளை இடும். வெயில் கொளுத்தும்போது தாய்ப்பறவை முட்டை மேல் நின்று நிழல் கொடுக்கும். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும்.

அந்த நேரத்தில் நாம் கேமராவோடு பக்கத்திலேயே அரை மணி நேரம் நின்றால்? தாய் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். முட்டை வெயிலில் வேகும். நமக்கு 'செம ஆக்‌ஷன் ஷாட்' கிடைக்கும். அதற்குக் குஞ்சு கிடைக்காது.

எனவே ஆள்காட்டி உங்கள் தலைக்கு மேல் விடாமல் கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். தரையைப் பார்த்துக்கொண்டே, வந்த வழியே திரும்பிப் போங்கள்.

பறவை நம்மால் பதறுகிறது என்பதற்கு வேறு அடையாளங்களும் உண்டு. இரை தேடுவதை நிறுத்திவிட்டு நம்மையே பார்ப்பது, கழுத்தை நீட்டி உடம்பை ஒடுக்கிக்கொள்வது, புள்ளி ஆந்தை தலையை மேலும் கீழும் ஆட்டுவது, வாயில் இரையை வைத்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் கிளை கிளையாகத் தாவுவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் பின்வாங்க வேண்டியதுதான்.

இன்னும் சில 'வேண்டாம்'கள்:

* போனில் பறவைக் குரலை ஓடவிட்டுக் கூப்பிட வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, குஞ்சையும் இரையையும் விட்டுவிட்டு அது அலையும்.
* ஆந்தை, பக்கி போன்ற இரவுப் பறவைகளின் கண்ணில் பிளாஷ் அடிக்க வேண்டாம்.
* கூடு இருக்கும் இடத்தை லொகேஷனோடு இன்ஸ்டாகிராமில், ஸ்டேட்டஸில் போட வேண்டாம். பார்ப்பவர்களில் கிளிக்குஞ்சு பிடிப்பவரும் இருக்கலாம். நம்மூர்க் கிளி, முனியாவைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் குற்றம்.
* கூட்டமாக உட்கார்ந்திருக்கும் நாரைகளைப் 'பறக்கும் ஷாட்'டுக்காகக் கல் எறிந்து, கைதட்டிக் கிளப்ப வேண்டாம். ட்ரோனும் வேண்டாம்.

இதெல்லாம் கேமராக்காரர்களுக்குப் புதுசாக இருக்கலாம். நம்மூர் கிராமத்து மக்களுக்குப் புதுசு இல்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கிராமங்களில், பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்குக் கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. ஊரே ஒரு பண்டிகைச் சத்தத்தை விட்டுக்கொடுக்கும்போது, ஒரு படத்தை நாம் விட்டுக்கொடுப்பது பெரிய விஷயமா?

தண்டவாளம், காடு, சிறுத்தை: எச்சரிக்கை

*தண்டவாளம்:* ஜோலார்பேட்டையில் தண்டவாள ஓரப் புதர்களில் பறவைகள் நிறையத் தெரியும். ஆனால் அனுமதி இல்லாமல் ரயில்வே நிலத்துக்குள் நுழைவது ரயில்வே சட்டம் 1989-ன் 147-வது பிரிவின்படி குற்றம். அதைவிட முக்கியம் உயிர். வியூஃபைண்டரில் கண் வைத்திருப்பவருக்குப் பின்னால் வரும் ரயில் தெரியாது. வேலிக்கு வெளியே, சாலையில் இருந்தே எடுங்கள்.

*காப்புக்காடு:* ஏலகிரி, ஜவ்வாது மலைச் சரிவுகளில் காப்புக்காடுகள் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. இந்த மலைகளில் கரடி நடமாட்டமும் உண்டு. அதிகாலையில் தனியாகப் புதருக்குள் போவது புத்திசாலித்தனம் இல்லை. சாலையோரத்தில் கிடைக்கும் பறவைகளே ஒரு வருஷத்துக்குப் போதும்.

*பெரிய விலங்குகள்:* 2024 ஜூன் மாதம் திருப்பத்தூரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அருகே ஒரு பள்ளி வளாகத்துக்குள் சிறுத்தை நுழைந்தது நினைவிருக்கலாம். வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி அதைப் பிடித்தார்கள். இப்படி ஊருக்குள் ஒரு விலங்கு வந்தால், பொறுமையான வனவிலங்குப் படம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மிரண்ட விலங்குக்குத் தப்பிக்க வழி வேண்டும். போனோடு சுற்றி நிற்கும் கூட்டம் அந்த வழியை அடைத்துவிடும். கதவைப் பூட்டிக்கொண்டு வனத்துறைக்கோ, 112 எண்ணுக்கோ சொல்வதுதான் ஒரே வேலை.

எடுத்த படத்தை என்ன செய்வது?

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆனால் தேதியும் இடமும் சேர்ந்த ஒரு படம் அந்த ஊரின் ஆவணம்.

பாலாறு இதற்கு நல்ல உதாரணம். கர்நாடகத்தில் தொடங்கி, ஆந்திரம் வழியாக வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஆறு. தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்தப் பகுதி நீரும் நிலமும் கெட்டது பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக்கிய தீர்ப்பு அது.

சுற்றுச்சூழல் பிரச்சினை எதுவானாலும் வரும் முதல் கேள்வி, "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்பதுதான். வேடந்தாங்கலுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆயிரம் கேமராக்கள் உண்டு. உங்கள் தெருக்கோடி ஏரிக்கு நீங்கள்தான் உண்டு. இந்த ஜனவரியில் அங்கே 30 நாமக்கோழி இருந்தது என்று தேதியோடு ஒரு படம் இருந்தால், பத்து வருஷம் கழித்து அந்த ஏரியில் குப்பை கொட்டும்போதோ, மண் போட்டு மூடும்போதோ, அங்கே ஒன்றுமே இல்லை என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இதற்கான வழிகள்:

* இ-பேர்ட்: அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இலவசத் தளம், செயலி. எங்கே, எப்போது, என்ன பறவை, எத்தனை என்று பதிவிட்டுப் படத்தையும் சேர்க்கலாம். ஆராய்ச்சியாளர்கள் இந்தத் தரவைப் பயன்படுத்துகிறார்கள்.
* மெர்லின்: அதே ஆய்வகத்தின் செயலி. படத்தைக் கொடுத்தால் இது என்ன பறவையாக இருக்கலாம் என்று சொல்லும். அது சொல்வதை அப்படியே நம்பிவிடாமல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
* ஐ-நேச்சுரலிஸ்ட்: ஓணான், பூச்சி, செடி என்று பறவை அல்லாதவற்றுக்கும் இது உதவும்.
* பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு: 2015 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கிறது. ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்துப் பதிவு செய்தால் போதும். வீட்டு மாடியில் இருந்தே செய்யலாம். பிப்ரவரியில் உலக அளவில் இதே போன்ற கணக்கெடுப்பு நான்கு நாள் நடக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?
தாராளமாக. ஆனால் முதல் நாளே கேமராவைக் கொடுக்காதீர்கள். நோட்டில் எண்ணிக்கை எழுதும் வேலையைக் கொடுங்கள். ஏரிக்கரையில் தண்ணீர் ஓரம் எப்போதும் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

பறவைக்கு அரிசி, பிஸ்கட் போட்டுப் படம் எடுக்கலாமா?
தண்ணீர் வைப்பது நல்லது. பிஸ்கட், மிக்சர், மீந்துபோன சாப்பாடு வேண்டாம். அதைவிட ஒரு முருங்கையோ, செம்பருத்தியோ, கறிவேப்பிலையோ வையுங்கள். பூவுக்கும் பழத்துக்கும் பறவைகள் தாமாகவே வரும்.

ஒரு மாதம் ஆகியும் நல்ல படம் கிடைக்கவில்லை. என்ன செய்வது?
இடத்தை மாற்றாதீர்கள், நேரத்தை மாற்றிப் பாருங்கள். காலைக்குப் பதில் மாலை ஐந்து மணிக்குப் போங்கள். உங்கள் நோட்டைத் திரும்பப் படியுங்கள். அந்தப் பறவை எங்கே, எத்தனை மணிக்கு வரும் என்பதற்கான விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

எவ்வளவு செலவாகும்?
கையில் இருக்கும் போன், ஒரு நோட்டு, ஒரு மண் தட்டு. இதில் தொடங்கலாம். மூன்று மாதம் விடாமல் போன பிறகும் ஆசை இருந்தால் கேமரா பற்றி யோசியுங்கள்.

நாளை காலை ஆறு மணிக்கு, கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பக்கத்து ஏரிக்கரைக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கொம்பில் எது வந்து உட்கார்ந்தது என்று மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். நான்காவது நாள் கேமராவோடு போகும்போது, எங்கே பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.